ஹஃப்சா வண்டியின் ஆயில் லைட்

கீழ்பென்னாத்தூரிலிருந்து திரும்பும் வழியில்தான் அந்தச் சிவப்பு லைட் முதன்முதலாக எரிந்தது. மூக்கு நீண்ட எண்ணெய்க் குவளை போல ஒரு படம், மூக்கின் நுனியில் ஒரு சொட்டு. ஹஃப்சா அதைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள். அணையவில்லை. ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினாள்.

ஹஃப்சா பிசியோதெரபிஸ்ட். காலையில் செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைச் சுற்றி அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு வைத்தியம். சம்மணமிட்டு உட்கார்ந்தே முட்டியைக் கெடுத்துக்கொண்டவர்கள் அங்கே ஜாஸ்தி. மதியத்துக்கு மேல் கீழ்பென்னாத்தூர் பக்கம். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு எலும்பு முறிந்தவர்கள், வீட்டை விட்டு நகர முடியாதவர்கள். வண்டி இல்லாமல் இந்த வேலை நடக்காது. அவள் கணவன் அமானுடைய அக்கா மெஹ்விஷின் வீட்டுக்காரர் சாகில் ஆரணியில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் ஓட்டிக்கொண்டிருந்த டீசல் கார்தான் இது. இவர்கள் அதை வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

டேஷ்போர்டு பெட்டியில் வண்டியின் கையேடு இருந்தது. புரட்டிப் பார்த்தாள். படத்துக்கு நேரே, ஆயில் அழுத்தம் குறைந்துவிட்டது, உடனே இன்ஜினை நிறுத்து, மேற்கொண்டு ஓட்டாதே என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அமானுக்குப் போன் செய்தாள். அவனுக்கு அவலூர்பேட்டை ரோட்டில் அலுமினியக் கதவு, ஜன்னல் செய்யும் பட்டறை. பின்னால் கட்டர் மிஷின் அலறியது.

"வண்டி ஓடுதா?" என்றான்.

"ஓடுது. ஆனா நிறுத்தச் சொல்லி புக்ல போட்டிருக்குங்க."

"புக்ல ஆயிரம் போடுவான். வெயில்ல சூடாயிருக்கும். கொஞ்ச நேரம் ஆறவெச்சு மெதுவா ஓட்டிட்டு வா."

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு சாவியைத் திருப்பிக் கிளப்பினாள். லைட் இல்லை. வீடு வரைக்கும் வரவே இல்லை. அதில்தான் எல்லாத் தொல்லையும் தொடங்கியது.

மறுநாள் வேட்டவலம் ரோட்டில் இருக்கும் மெக்கானிக் செழியனின் ஷெட்டுக்குக் கொண்டுபோனாள். அமானுக்குத் தெரிந்தவன், பட்டறையின் லோடு வண்டியையும் அவன்தான் பார்ப்பான். செழியன் பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"ஆயில் கரெக்டா இருக்கு மேடம். ஸ்டார்ட் பண்ணுங்க."

பண்ணினாள். எட்டிப் பார்த்தான்.

"லைட் எங்க?"

"இப்ப வரலை. நேத்து வந்துச்சு. கீழ்பென்னாத்தூர்லேர்ந்து வரும்போது."

செழியன் போனை எடுத்து அமானை அழைத்தான். வண்டி பக்கத்தில் அவள் நிற்கிறாள். அவன் பேசுவது அமானிடம். "பாய், நான்தான். ஒண்ணும் இல்ல பாய். எதுக்கும் ஆயில் சுவிட்ச் மாத்திடறேன். அது கெட்டுப்போச்சுன்னா இப்படித்தான் சும்மா சும்மா காட்டும்... சரி பாய்."

சுவிட்சை மாற்றினான். மூன்று நாள் கழித்து, அதே ரோட்டில், லைட் மறுபடி எரிந்தது.

இந்த முறை ஹஃப்சா கெட்டிக்காரத்தனமாக வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைப்பதற்கு முன்னால் போனில் வீடியோ எடுத்துக்கொண்டாள். அமானிடம் காட்டினாள். செழியனும் வீடியோவைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினான். லைட் வந்தது. வயரைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, ஒரு கிளிப்பைக் கழற்றித் துடைத்து மாட்டினான். லைட் வந்தது. ஷெட்டுக்குப் போனால் மட்டும் வராது. டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் வலி நின்றுபோகும் நோயாளியைப் போல அவள் அங்கே நிற்க வேண்டியிருந்தது. "இப்ப இல்லையே மேடம்" என்பதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அந்த ஷெட்டின் டீசல் நாற்றமே பிடிக்காமல் போயிற்று.

"கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டே ஓட்டறீங்களா?" என்று ஒருநாள் கேட்டான்.

"அதுக்கும் ஆயில் லைட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"இல்ல, கேட்டேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அமானே வண்டியை எடுத்தான். தேரடித் தெருவில் ஊர்ந்து, பெரிய கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு, செங்கம் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தான். வாசலில் நிறுத்திவிட்டு ஹாரன் அடித்து அவளைக் கூப்பிட்டான்.

"வந்து பாரு. எங்க இருக்கு லைட்?"

"டவுனுக்குள்ள சுத்தினா வராதுங்க. பத்து நிமிஷம் நல்லா வேகமா ஓட்டணும். அப்புறம்தான் வரும்."

"அது எப்படி உனக்கு மட்டும் வருது?"

"நான்தானே தினம் அவ்வளவு தூரம் ஓட்டறேன்!"

அவன் சாவியை அவள் கையில் வைத்தான். கோபப்படவில்லை, சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு நடுவில் அவளே மறுபடி பேச்சை எடுத்தாள்.

"சாகில் பாய்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன். வண்டில முன்னாடி ஏதாவது வேலை பார்த்திருந்தா சொல்லுவார் இல்ல?"

அமான் கையை நிறுத்தினான். "என்னன்னு கேக்கறது? உங்க வண்டி சரியில்லைன்னா? மெஹ்விஷ் ஆபாவுக்குத் தெரிஞ்சா என்ன நினைக்கும்? ஒரு கல்லுகூடப் படாத வண்டின்னு சொல்லி, வேற ஆளுக்குக் கொடுக்காம நமக்குக் கொடுத்தாரு."

"குத்தம் சொல்லச் சொல்லலை. கேக்கச் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் ஹஃப்சா. விடு. ஒரு லைட்டைப் பிடிச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு? உன்கூட எதைப் பேசினாலும் லைட்டு லைட்டுங்கறே."

அவள் விடவில்லை. விட முடியவில்லை. பதினெட்டுக் கிலோமீட்டர் ரோட்டில் ஒரு கண் எதிரே வரும் லாரி மேல், ஒரு கண் மீட்டர் போர்டு மேல். லைட் வந்தால் ஓரங்கட்ட வேண்டும், ஆறவைக்க வேண்டும், அடுத்த நோயாளிக்குப் போன் செய்து தாமதமாகும் என்று சொல்ல வேண்டும். "என்னா டாக்டரம்மா, உன் வண்டிக்கும் வாதம் வந்துடுச்சா?" என்று கீழ்பென்னாத்தூர் ரேணுகாம்பாள் கேட்டாள். பக்கவாதத்தில் இடது கை விழுந்துபோன அந்த அம்மாளுக்கு வாய் மட்டும் நன்றாகவே வேலை செய்தது.

அந்த வாரக் கடைசியில் அமான் தானாகவே, "இன்னைக்கு வண்டியை நான் செழியன்கிட்ட விட்டுடறேன். நீ பஸ்ல போய்ட்டு வா" என்றான். சாயங்காலம் வண்டியோடு வந்தான். முகத்தில் ஒரு நிம்மதி.

"முடிஞ்சுது. மீட்டர் போர்டையே பிரிச்சுப் பார்த்தான். இனிமே அந்த லைட் வராது."

"என்னவாம்?"

"உள்ள ஏதோ வயர் கோளாறு. எனக்கென்ன தெரியும்? வராதுன்னுட்டான்."

வரவில்லை. முதல் நாள் பயந்துகொண்டே ஓட்டினாள். இரண்டாம் நாள் கொஞ்சம் கம்மியாகப் பயந்தாள். ஒரு வாரம் போனதும் ஜன்னலை இறக்கிவிட்டு, வேர்க்கடலை பிடுங்கிப் போட்டிருந்த நிலங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அமான் சொன்னது சரிதான், இத்தனை நாள் ஒரு பொய் லைட்டுக்காக அவனையும் படுத்தி, தன்னையும் படுத்திக்கொண்டோம் என்று தோன்றியது. கூச்சமாகக்கூட இருந்தது. பக்ரீத்துக்கு மட்டன் பிரியாணி செய்தபோது ஒரு டப்பா நிறையப் போட்டுச் செழியனின் ஷெட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"கடைசில நீங்க கண்டுபிடிச்சுட்டீங்க. ரொம்ப தேங்க்ஸ்."

செழியன் டப்பாவை வாங்கிக்கொண்டான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பரவாயில்ல மேடம்" என்று சொல்லிவிட்டு ஒரு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கும் நாலு வாரம் கழித்து, ரேணுகாம்பாள் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தும்போது இன்ஜினிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. டக் டக் டக் என்று, இரும்பை இரும்பு தட்டுகிற மாதிரி. இன்ஜினை அணைத்தாள். சத்தம் நின்றது. உள்ளே போய் ரேணுகாம்பாளின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக்கொண்டிருந்தபோதும் அந்த டக் டக் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

"இன்னைக்கு உன் கவனம் இங்க இல்ல" என்றாள் ரேணுகாம்பாள்.

"வண்டி ஒரு மாதிரி சத்தம் போடுதும்மா."

"அப்ப போய் அதைப் பாரு. என் கை எங்கயும் ஓடிடாது."

வெளியே வந்து, கதவைத் திறந்து வைத்தபடி சீட்டில் உட்கார்ந்து, கையேட்டை எடுத்தாள். சத்தத்தைப் பற்றி ஏதாவது போட்டிருக்கிறதா என்று தேடினாள். இல்லை. லைட்டுகளின் பக்கம் தானாகத் திறந்துகொண்டது. எத்தனையோ தடவை படித்த பக்கம். முதல் தடவையாக அதன் அடியில் இருந்த சின்ன எழுத்தையும் படித்தாள். சாவியை முதல் கட்டத்துக்குத் திருப்பும்போது எல்லா எச்சரிக்கை லைட்டுகளும் ஒருமுறை எரிய வேண்டும். இன்ஜின் கிளம்பியதும் அணைய வேண்டும். ஏதாவது ஒன்று எரியவே இல்லை என்றால் அந்த லைட் வேலை செய்யவில்லை என்று பொருள்.

சாவியைத் திருப்பினாள், கிளப்பாமல்.

பேட்டரி எரிந்தது. ஹேண்ட்பிரேக் எரிந்தது. இன்ஜின் படம் மஞ்சளாக எரிந்தது. சீட் பெல்ட் எரிந்தது. எண்ணெய்க் குவளை இருக்க வேண்டிய இடம் கறுப்பாக இருந்தது.

சாவியை எடுத்து, மறுபடி போட்டுத் திருப்பினாள். மறுபடி. வெயில் அடித்துத் தெரியாமல் போகிறதோ என்று துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு பார்த்தாள். கறுப்புதான்.

செழியனுக்குப் போன் செய்தாள்.

"செழியன், சாவி போட்டா ஆயில் லைட் எரியலை. மத்ததெல்லாம் எரியுது. ஏன்?"

அந்தப் பக்கம் யாரோ டயரில் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

"செழியன்?"

"மேடம்... நீங்க பாய்கிட்ட பேசிக்கோங்களேன்."

"வண்டி என்கிட்ட இருக்கு. நீங்க என்கிட்ட பேசுங்க. மீட்டர் போர்டைப் பிரிச்சு என்ன பண்ணீங்க?"

"டேப்பு போட்டிருக்கேன் மேடம். கறுப்பு டேப்பு. நான் வேணாம்னுதான் சொன்னேன். பாய்தான், லைட் தெரியாம பண்ணிடுப்பா, வீட்ல தூக்கமே இல்லைன்னாரு. பழைய வண்டி விக்கறவங்க எல்லாம் பண்றதுதான்... மேடம், ஓட்டாதீங்க. அங்கயே வைங்க."

"இப்ப சொல்றீங்களா?" என்று கேட்டாள். போனை வைத்தாள்.

டேப் ஒட்டும்போது அமான் பக்கத்தில்தான் நின்றிருப்பான். டீ வரவழைத்துக் குடித்திருப்பான். "நல்லா மறையுதா?" என்று குனிந்து பார்த்திருப்பான். இந்த ஐந்து வாரமும் காலையில் சாவியை அவள் கையில் கொடுத்து, "பார்த்துப் போய்ட்டு வா" என்று வழியனுப்பியிருக்கிறான். அதோடு அந்தப் பிரியாணி. அதை நினைத்ததும் காது சூடாயிற்று.

அவனுக்குப் போன் செய்யவில்லை. மீதி நோயாளிகளுக்குச் செய்து, இன்று வர முடியாது என்றாள். ரேணுகாம்பாளின் மகனிடம் விசாரித்து, திண்டிவனம் ரோட்டில் டவுன் எல்லையில் ஷெட் வைத்திருக்கும் வல்லரசு என்பவரின் நம்பரை வாங்கினாள். ரெக்கவரி வண்டி வந்து காரைத் தூக்கிக்கொண்டது. டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் போனாள்.

வல்லரசு ஐம்பதை ஒட்டிய ஆள், கனத்த உடம்பு. ஒரு தடவை கிளப்பி, சத்தத்தைக் கேட்டு, உடனே அணைத்தார்.

"இன்ஜின் வேலைங்க. பேரிங் போயிருக்கும். இன்ஜினை இறக்கிப் பிரிச்சுடலாம்."

"இறக்கறதுக்கு முன்னாடி நான் சொல்றதைக் கொஞ்சம் கேக்கறீங்களா?"

"சத்தமே சொல்லுதே. நீங்க என்னத்த சொல்லப் போறீங்க?"

"அந்த லைட் எப்ப வரும், எப்ப வராதுன்னு எனக்குத்தான் தெரியும். உங்களுக்கும் தெரியாது, இதுவரைக்கும் பார்த்த மெக்கானிக்குக்கும் தெரியாது." அவளுக்கு மூச்சு வாங்கியது. "கிளம்பும்போது வராது. டவுனுக்குள்ள ஓட்டினா வராது. பத்து நிமிஷம் வேகமா ஓட்டினா வரும். நிறுத்தி, கொஞ்சம் விட்டுக் கிளப்பினா வராது. பேரிங் தேய்ஞ்சிருந்தா அது எப்படிங்க அரை மணி நேரத்துல சரியாகும்? உள்ள ஏதோ ஒண்ணு ஓடும்போது வந்து அடைக்குது, நின்னா விலகுது. எனக்கு அப்படித்தான் தோணுது."

"நீங்க மெக்கானிக்கா?"

"இல்ல. தினம் ஓட்டறவ."

வல்லரசு அவளை மேலும் கீழும் பார்த்தார். சலிப்போடுதான் எழுந்தார். முதலில் மீட்டர் போர்டைக் கழற்றி, உள்ளே இருந்த டேப்பை நகத்தால் உரித்து எடுத்து, ஒன்றும் கேட்காமல் பெஞ்சில் ஒட்டிவைத்தார். பிறகு மீட்டர் போர்டைத் திரும்ப மாட்டி, ஆயில் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் சுவிட்சோடு சேர்த்து அழுத்தம் காட்டும் ஒரு மீட்டரையும் மாட்டினார். கிளப்பினார். முள் நல்ல இடத்தில் நின்றது.

"பாத்தீங்களா, நல்லாத்தான் இருக்கு."

"சூடாகட்டும்."

ஆக்ஸிலேட்டரை மிதித்து இன்ஜினை உறும விட்டார். ஷெட் முழுக்கப் புகை. ஹஃப்சா மூக்கை மூடிக்கொண்டு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள். வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. வல்லரசு வாட்சைப் பார்க்க ஆரம்பித்தார். அப்போது முள் அசைந்தது. மெதுவாக இறங்கியது, நின்றது, மறுபடி இறங்கியது. டக் டக் சத்தம் தொடங்கியது. மீட்டர் போர்டில் எண்ணெய்க் குவளை சிவப்பாக எரிந்தது.

"இதுதான்!" என்று கத்திவிட்டாள். "இதேதான்! யாருமே பார்க்கலை இதை!"

வல்லரசு இன்ஜினை அணைத்தார். கொஞ்ச நேரம் விட்டுக் கிளப்பினார். முள் பழையபடி மேலே நின்றது.

"அட" என்றார். "சம்ப்பைக் கழட்டுவோம்."

வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஆயிலை வடித்துவிட்டு அடியில் படுத்தவர் சிறிது நேரத்தில் அவளைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டிதான் சம்ப். அதன் ஒரு பக்கம் நசுங்கி, பிறகு சுத்தியலால் தட்டி நேராக்கியது தெரிந்தது.

"பாறையிலயோ ஸ்பீடு பிரேக்கர்லயோ நல்லா வாங்கியிருக்கு. அப்புறம் தட்டி ஒட்டியிருக்காங்க. ஒட்டினவன் பேஸ்ட்டை அள்ளி அப்பியிருக்கான் பாருங்க."

சம்ப் கழன்று வந்தது. உள்ளே ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை. அதில் அங்கங்கே கரும்சாம்பல் நிறத்தில் ரப்பர் துணுக்குகள் ஒட்டிக்கிடந்தன. மீதி சம்ப்பின் அடியில் குவிந்திருந்தன. வல்லரசு அவற்றை ஒரு தட்டில் வழித்துப் போட்டார்.

"பேஸ்ட் காய்ஞ்சு ரப்பராகிப் பிஞ்சு விழுந்திருக்கு. ஓடும்போது சல்லடையில வந்து ஒட்டும், ஆயில் ஏறாது. நின்னா கீழ விழுந்துடும். நீங்க சொன்ன கணக்குதான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பேரிங் கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு. மாத்திடறேன். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓட்டியிருந்தீங்கன்னா ரோட்லயே இன்ஜின் பிடிச்சு நின்னிருக்கும். எழுபது எம்பதுல போறப்ப."

ஹஃப்சா தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் அழுகைதான் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அமானின் ஸ்கூட்டர் ஷெட் வாசலில் வந்து நின்றது. செழியனிடம் விஷயம் தெரிந்து, ரேணுகாம்பாள் வீட்டில் விசாரித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஓடிவந்தவன் அவளைப் பார்த்ததும் நடை தளர்ந்தான்.

"ஏன் போன் எடுக்கலை? எத்தனை தடவை அடிச்சேன்!"

அவள் பெஞ்சில் ஒட்டியிருந்த டேப்பைக் காட்டினாள்.

அமான் அதைப் பார்த்தான். வல்லரசு துணியில் கையைத் துடைத்துக்கொண்டு ஷெட்டின் பின்பக்கம் போய்விட்டார்.

"உன் நிம்மதிக்காகத்தான் ஹஃப்சா. தினம் பயந்து பயந்து போனே. வண்டில ஒண்ணும் இல்லைன்னு அவனும் சொன்னான், நானும் ஓட்டிப் பார்த்தேன்..."

"பூனை தன் கண்ணை மூடிக்கும். நீங்க என் கண்ணை மூடினீங்க."

"தப்பா எதுவும் நினைச்சுப் பண்ணலை."

"லைட் வருதுன்னேன், நம்பலை. வீடியோ காட்டினேன், நம்பலை. செழியன் ஒரு வார்த்தை சொன்னா நம்புவீங்க. சாகில் பாய் சொன்னா நம்புவீங்க. நான் உங்களுக்கு யாரு? பின்னாடி லாரி வரும்போது நின்னிருந்தா, எனக்கு நிம்மதியாத்தான் இருந்திருக்கும் இல்ல?"

"யா அல்லா, அப்படிப் பேசாத."

"பேசறதுதான் உங்களுக்குக் கஷ்டமா இருக்கு. செஞ்சது கஷ்டமா இல்ல."

அவன் தட்டுக்குப் பக்கத்தில் போய் ரப்பர் துணுக்கு ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தான். குனிந்து, கழற்றிப் போட்டிருந்த சம்ப்பின் நசுங்கலைத் தடவினான். உலோகத்தில் வேலை செய்கிறவன். சுத்தியல் பட்ட இடம் அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. "ஒரு கல்லுகூடப் படலைன்னாரே" என்று தனக்குள் முணுமுணுத்தான். ஹஃப்சா கைப்பையை எடுத்துக்கொண்டு, வந்த ஆட்டோ ஒன்றை நிறுத்தி ஏறிப் போய்விட்டாள்.

வண்டி தயாராக நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் வீட்டில் உப்பு, புளி பற்றிய பேச்சு மட்டும்தான். செழியன் பிரியாணி டப்பாவைக் கழுவி, ஒரு பை மாம்பழத்தோடு அமானிடம் கொடுத்தனுப்பினான். ஹஃப்சா டப்பாவை எடுத்துக்கொண்டு மாம்பழத்தைத் திருப்பி அனுப்பினாள்.

வண்டியை எடுக்கப் போன அன்று அமானும் கூட வந்தான். டிரைவர் பக்கம் போனவனை அவள் பார்த்த பார்வையில் சுற்றிக்கொண்டு அடுத்த பக்கம் போய் உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினாள். எண்ணெய்க் குவளை எரிந்தது. கிளப்பினாள். அணைந்தது.

"கீழ்பென்னாத்தூர் வரைக்கும் போய்ட்டுத் திரும்பறேன். வேகமாத்தான் போவேன். உங்களுக்கு வேலை இருந்தா இறங்கிக்கோங்க."

"இல்ல. வரேன்."

போகும்போதும் வரும்போதும் அவன் ரோட்டைப் பார்க்கவே இல்லை. மீட்டர் போர்டையே பார்த்துக்கொண்டு வந்தான். ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது சீட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டான். புளியமரம் வந்தது, போயிற்று. லைட் வரவில்லை. ஊர் நெருங்கும்போது அவன் நெற்றி வேர்த்திருந்தது. இதைத்தான் இத்தனை நாள் தனியாகச் செய்தோம் என்று ஹஃப்சா நினைத்தாள்.

அன்றைக்குப் பௌர்ணமி. ஊருக்குள் வண்டி விடவில்லை. போலீஸ்காரர் கையைக் காட்டி எல்லோரையும் ரோட்டோரத் தரிசு நிலத்துக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்த வேன்களுக்கும் பஸ்களுக்கும் நடுவில் காரைச் சொருகிவிட்டு, வைத்தியத்துக்கான மிஷின் பையைத் தூக்கிக்கொண்டு ஹஃப்சா நடந்தாள். அமான் கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டான். அவள் கொடுத்தாள், கனமாக இருந்தது, அவ்வளவுதான். செருப்பைக் கையில் பிடித்தபடி கிரிவலத்துக்குப் போகும் கூட்டம் அவர்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அமான் கேட்டான். "ஆபாகிட்ட நீ ஏதாவது சொன்னியா?"

"நான் ஏன் சொல்லணும்? உங்க அக்கா, உங்க மச்சான்."

"அது மனசு கஷ்டப்படும்."

"படட்டும். நான் படலையா?"

அவன் நின்றுவிட்டான். பின்னால் வந்த ஒரு குடும்பம் அவனை இடித்துக்கொண்டு, "கொஞ்சம் ஓரமா நில்லு பாய்" என்று சொல்லிவிட்டுப் போயிற்று. பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு போனை எடுத்தான். ஹஃப்சா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

"ஆபா, நான்தான். நல்லா இருக்கோம். இல்ல, வண்டி விஷயமா... சாகில் பாய் இருக்காரா? குடு. ...பாய், சம்ப் அடிபட்டிருக்கு. ஒட்டியிருக்கீங்க. எங்ககிட்ட சொல்லவே இல்லையே?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அமானின் குரல் ஏறியது. "சின்ன வேலை இல்ல பாய். ஹஃப்சா அதைத்தான் தினம் ஓட்டறா. அவ முதல் நாள்லேர்ந்து சொன்னா, நான்தான் கேக்கலை. அது என் தப்பு, அதை நான் பார்த்துக்கறேன். நீங்க சொல்லாதது உங்க தப்பு."

கூட்டத்தில் மைக் செட்டும் பேரீச்சம்பழக்காரர்களின் கூவலும் சேர்ந்து மற்ற வார்த்தைகளை மூடின. ஹஃப்சாவுக்குக் கோபம் இறங்கியிருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனாலும் மீதியைக் கேட்க வேண்டும் போலிருந்தது. ஒரு இளநீர் வண்டி பக்கமாக ஒதுங்கி, அவன் வந்து சேரும்வரை நின்றாள்.